கிச்சனை நாமளே மாத்தும்போது கரண்ட் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

கிச்சன் வேலையை தானே இழுத்துப் போட்டு செய்யறவங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். கேள்விகளை கேட்டவங்க வார்த்தையிலேயே விட்டிருக்கேன். கணக்கெல்லாம் 230 வோல்ட்டுக்கு. 120 வோல்ட் இருக்குற நாட்டுல இருந்தீங்கன்னா அதே வாட்டுக்கு ஆம்பியர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், மத்த விஷயம் எல்லாம் அதேதான். உங்க ஊர் வயரிங் விதி நான் சொல்றதை விட கறாரா இருந்தா விதி சொல்றபடியே பண்ணுங்க.

எந்த வேலையை நானே பண்ணலாம், எதுக்கு எலக்ட்ரீஷியனை கூப்பிடணும்?

ப்ளான் போடுறது, பழைய கேபினட்டை கழட்டுறது, எந்த பாயின்ட் எங்கன்னு சுவர்ல மார்க் பண்றது, கரண்ட்டை துண்டிச்ச பிறகு சுவர்ல காடி வெட்டி பைப்பும் பாக்ஸும் பதிக்கிறது, டைல்ஸ், கேபினட், இதெல்லாம் தாராளமா நீங்களே பண்ணலாம், காசும் நல்லா மிச்சமாகும். புது சர்க்யூட் இழுத்து டிபி பாக்ஸ்ல (வீட்டு சர்க்யூட் எல்லாம் பிரியற ஸ்விட்ச் பெட்டி) கனெக்ஷன் கொடுக்குறது, எர்த்திங், கடைசி டெஸ்டிங், இந்த மூணும் லைசென்ஸ் உள்ளவங்க வேலை. பல நாட்டுல சட்டமே அப்படித்தான், மீறி பண்ணினா நாளைக்கு தீ விபத்துன்னு இன்சூரன்ஸ் கேக்கப் போனா அங்கயும் சிக்கல் வரும்.

ஸ்க்ரூ முறுக்கத் தெரியாதான்னு நிறைய பேருக்கு கோவம் வருது. முறுக்க எல்லாருக்கும்தான் தெரியும். ப்ளம்பிங்ல தப்பு பண்ணினா தண்ணி ஒழுகி அன்னைக்கே காட்டிக்கொடுத்துடும். வயரிங்ல தப்பு பண்ணினாலும் பல்பு எரியும், மிக்ஸி சுத்தும், ரெண்டு மூணு வருஷம் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கீழ வர்ற பாதி பதில்கள்ல "வேலை செய்யுதே"ங்கற வாதத்தை நான் கண்டுக்கவே இல்ல.

மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும்ல?

எல்லா வீட்டுலயும் போதும்னு சொல்ல முடியாது. வீட்டுல இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தா மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் "கரண்ட் போயிடுச்சு"ன்னு நினைச்சுக்கிட்டு பேட்டரில இருந்து சப்ளை கொடுக்க ஆரம்பிச்சுடும், நீங்க கிச்சன் லைட் வயர்ல கை வைப்பீங்க, அதுல முழு 230 வோல்ட் இருக்கும். அதனால இன்வெர்ட்டர் அவுட்புட்டையும் தனியா நிறுத்தணும். டிபி பாக்ஸ்ல "கிச்சன்"னு எழுதியிருக்கறதையும் நம்பாதீங்க, முன்னாடி யாராவது ஒரு பாயின்ட்டை பக்கத்து ரூம் சர்க்யூட்ல இருந்து இழுத்து விட்டிருப்பாங்க.

ஆஃப் பண்ணினதும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) மேல லாக் மாட்டுங்க, லாக் இல்லன்னா டேப் ஒட்டி "வேலை நடக்குது, போடாதே"ன்னு எழுதி விடுங்க. உள்ள இருக்கறவங்களுக்கு ஃபேன் ஓடலன்னா நேரா டிபி பாக்ஸுக்குத்தான் போவாங்க, யாரையும் குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. அப்புறம்தான் வயர்ல கரண்ட் நிஜமாவே இல்லையான்னு பாக்கணும், அது அடுத்த கேள்வி.

டெஸ்டர் எரியல, அப்போ கரண்ட் இல்லன்னுதானே அர்த்தம்?

இல்ல. ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்குற நியான் டெஸ்டர் உங்க உடம்பு வழியா போற ரொம்ப கொஞ்ச கரண்ட்ல எரியறது. மர ஸ்டூல் மேல ரப்பர் செருப்பு போட்டு நின்னா கரண்ட் இருந்தும் மங்கலா எரியும், வெயில் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. மாறா, பக்கத்து வயர்ல இருந்து தூண்டப்பட்டு வர்ற வெத்து வோல்ட்டேஜுக்கும் எரிஞ்சு பயமுறுத்தும். ரெண்டு பக்கமும் பொய் சொல்ற கருவி அது.

மல்டிமீட்டரோ ரெண்டு முனை உள்ள வோல்ட்டேஜ் டெஸ்டரோ எடுத்துக்கோங்க. முதல்ல கரண்ட் இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச ஒரு சாக்கெட்ல வச்சு மீட்டர் காட்டுதான்னு பாருங்க, அப்புறம் வேலை செய்யப்போற இடத்துல பாருங்க, அப்புறம் திரும்ப அந்த பழைய சாக்கெட்லயே வச்சு பாருங்க. மூணாவது தடவை எதுக்குன்னா நடுவுல மீட்டர் பேட்டரி தீர்ந்தோ லீடு அறுந்தோ போயிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஃபேஸ்னா கரண்ட் வர்ற வயர், நியூட்ரல்னா அது திரும்பிப் போற வயர், எர்த்னா கசியற கரண்ட்டை மண்ணுக்கு கொண்டுபோற வயர்; அளக்கும்போது ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூணு ஜோடியும் பாக்கணும். வயர் கலரை வச்சு இது ஃபேஸ் இது நியூட்ரல்னு முடிவு பண்ணாதீங்க, கையில இருந்த கலர்ல இழுத்துட்டு போனவங்க எல்லா வீட்டுலயும் உண்டு.

எம்சிபி இருக்கு. அப்புறம் ஆர்சிசிபி எதுக்கு தண்டமா?

எம்சிபி காப்பாத்துறது வயரை, உங்களை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியர் தாண்டின உடனே விழுந்துடும்னு (தானா ஆஃப் ஆயிடும்னு) நினைக்கிறாங்க, தரப்படி பாத்தா 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடினாலும் விழ ஒரு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கலாம். ஷார்ட் சர்க்யூட் ஆனாதான் சட்டுன்னு விழும். மனுஷனுக்கோ கிட்டத்தட்ட 10 மில்லிஆம்பியர்லயே கை இறுகிப் பிடிச்சிக்கிட்டு விட முடியாம போகலாம், அது 30 மில்லிஆம்பியரை தாண்டி நீடிச்சா இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிர் போகலாம். 16 ஆம்பியர்ங்கறது 16,000 மில்லிஆம்பியர், எம்சிபிக்கு நீங்க ஒட்டிக்கிட்டு நிக்கிறதே தெரியாது.

ஆர்சிசிபிங்கறது கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற ஸ்விட்ச், அது ஃபேஸ்ல போன கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வந்த கரண்ட்டும் சமமான்னு மட்டும் பாக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா 300 மில்லிசெகண்டுக்குள்ள துண்டிக்கணும், வித்தியாசம் 150 ஆனா 40 மில்லிசெகண்டுக்குள்ள. ஆனா ரெண்டு விஷயம் அதால முடியாது. ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல் பிடிச்சா கணக்கு சமமா இருக்கறதால விழாது. ஓவர்லோடையும் அது கவனிக்காது, அதுக்கு எம்சிபி வேணும், இல்ல ரெண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ போடணும். இன்டக்ஷன் ஸ்டவ், இன்வெர்ட்டர் டைப் மெஷின் எல்லாம் இருக்குற கிச்சன்ல "ஏசி" டைப் வேண்டாம், "ஏ" டைப் கேட்டு வாங்குங்க, அந்த மெஷின்கள்ல இருந்து கசியற கரண்ட்டோட வடிவத்தை சாதா ஏசி டைப் சரியா புரிஞ்சுக்காது.

டெஸ்ட் பட்டனை அமுக்கினா டப்னு விழுது, அப்போ எர்த்திங்கும் ஓகேன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கக் கூடாது. அந்த பட்டன் ஆர்சிசிபிக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியா வித்தியாசத்தை உண்டாக்கி மெக்கானிசம் நகருதான்னு மட்டும் காட்டும். எர்த் வயரே இல்லாத வீட்டுலயும் பட்டன் அமுக்கினா விழும். பட்டனை சில மாசத்துக்கு ஒரு தடவை அமுக்குறது நல்ல பழக்கம், நகராம கிடந்தா உள்ள இறுகிப்போகும். எர்த் சரியாங்கறதுக்கு தனியா மீட்டர் வச்சுதான் பாக்கணும்.

எங்க வீடு பழசு, எர்த் வயரே கிடையாது. சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு சின்ன வயர் போட்டு சேத்துடலாம்னு சொல்றாங்களே, பண்ணலாமா?

பண்ணவே கூடாது. இந்த பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. அப்படி சேத்துட்டு எங்கயாவது நியூட்ரல் வயர் லூஸாகி விட்டுப்போச்சுன்னு வைங்க, ஓடிக்கிட்டிருக்குற ஏதோ ஒரு பல்பு வழியாவோ மோட்டார் வழியாவோ ஃபேஸ் திரும்பி வந்து நியூட்ரல்ல நிக்கும், நியூட்ரல் எர்த் பின்னோட சேந்திருக்கு, எர்த் பின் ஃப்ரிட்ஜ் பாடியோட சேந்திருக்கு. ஃப்ரிட்ஜ் கைப்பிடி முழு வோல்ட்டேஜோட நிக்கும், அதுவும் ஃப்ரிட்ஜ்ல எந்த கோளாறும் இல்லாமலே. இன்னொரு பக்கம், ஃப்ரிட்ஜுக்குள்ள நிஜமாவே ஃபேஸ் பாடில பட்டாலும் கரண்ட் நியூட்ரல் வழியாவே திரும்பறதால ஆர்சிசிபிக்கு கணக்கு சமமா தெரியும், விழாது. இருக்குற பாதுகாப்பையும் நாமளே கண்ணைக் கட்டி விட்ட மாதிரி ஆயிடும்.

ரினோவேஷன்ல இன்னொரு விஷயம் பலருக்கு தோணறதே இல்ல. பழைய வீடுகள்ல இரும்பு தண்ணி பைப்பையே எர்த்தா பயன்படுத்தி இருப்பாங்க. நீங்க கிச்சன் மாத்தும்போது அந்த இரும்பு பைப்பை எடுத்துட்டு ப்ளாஸ்டிக் பைப் போடுவீங்க, அந்த நிமிஷமே எர்த் போச்சு, சில வீட்டுல கிச்சனுக்கு மட்டுமில்ல மொத்த வீட்டுக்கும். பைப்பை வெட்டுறதுக்கு முன்னாடி அதுல பச்சை வயரோ வெறும் செம்புக் கம்பியோ கிளாம்ப் போட்டு கட்டியிருக்கான்னு சுத்தி ஒரு தடவை பாருங்க. இருந்தா வெட்டாம எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு முதல்ல தனி எர்த் ஏற்பாடு பண்ணுங்க. புது எர்த் வர்ற வரைக்கும் ஆர்சிசிபி இருக்கறது ஒண்ணும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல், ஆனா எர்த் இல்லன்னா அது விழறதுக்கு யாராவது தொட்டாதான் ஆகும்.

எந்த சைஸ் வயர் போடணும்? சிம்பிளா சொல்லுங்க

வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். 2000 வாட் இன்டக்ஷன் ஸ்டவ் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3000 வாட் ஓவன் 13, நாலு அடுப்பு உள்ள 7000 வாட் எலக்ட்ரிக் ஹாப் 30. சுவருக்குள்ள பைப்ல போற செம்பு வயருக்கு பொதுவா லைட் சர்க்யூட் 1.5 சதுர மிமீ 10 ஆம்பியர் எம்சிபியோட, சாக்கெட்டுக்கு 2.5 சதுர மிமீ 16 ஆம்பியரோட, 25 ஆம்பியர் வேணும்னா 4, 32 வேணும்னா 6. ஒரே பைப்ல நிறைய வயரை திணிச்சா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு ஏறும், அப்போ ஒரு சைஸ் மேல போகணும்.

கூட்டல் கணக்கு போடும்போது எல்லாம் ஒரே நேரத்துல ஓடுமான்னு யோசிங்க, ஆனா காலைல அவசரத்துல எது எது சேந்து ஓடும்ங்கறதை நேர்மையா யோசிங்க. கெட்டில், மைக்ரோவேவ், இன்டக்ஷன் மூணும் சேந்து ஓடினா ஒரே 16 ஆம்பியர் சர்க்யூட் தாங்காது. 16 ஆம்பியர்னா மொத்தமே 3680 வாட்தான்.

அடிக்கடி ட்ரிப் ஆகுது. 16-ஐ கழட்டிட்டு 25 எம்சிபி போட்டா சரியாயிடுமா?

ட்ரிப் ஆகறது நிக்கும். அதுக்கப்புறம் சூடாகறது வயர். எம்சிபி வயரோட சைஸுக்கு ஏத்து போட்டது, மேல சொன்ன ஜோடியை பாருங்க. உள்ள இருக்கறது 2.5-ஆ 1.5-ஆன்னு தெரியாம மேல 25 மாட்டினா சுவருக்குள்ள இன்சுலேஷன் உருகி கருகறது வெளிய தெரியாது, ப்ளாஸ்டிக் வாடை வரும்போது லேட். பழைய ஃப்யூஸ் கேரியர்ல தடியான செம்புக் கம்பி கட்டி விடுறதும் இதே கதைதான்.

எது ஓடும்போது விழுதுன்னு குறிச்சு வைங்க. ரெண்டு பெரிய மெஷின் சேந்து ஓடினா மட்டும் விழுந்தா லோடு ஜாஸ்தி, தனி சர்க்யூட் வேணும். ஒரு குறிப்பிட்ட மெஷினை போட்ட உடனே விழுந்தா அந்த மெஷின்ல கோளாறு. கிச்சனை உடைச்சு போட்டிருக்கும்போதே ரெண்டு மூணு சர்க்யூட் கூடுதலா இழுத்துடுங்க, டைல்ஸ் ஒட்டினதுக்கப்புறம் இழுக்கணும்னா அழுகை வரும்.

ப்ளக் பாயின்ட் எங்கெங்க வைக்கலாம்?

சிங்க்ல இருந்து பக்கவாட்டுல குறைஞ்சது 30 செமீ தள்ளி, இடம் இருந்தா 60. அடுப்புக்கு நேர் பின்னாடி வேண்டாம், அடுப்புக்கு மேல கை நீட்டி எட்டுற மாதிரியும் வேண்டாம், வயர் தீ மேல குறுக்க போகவே கூடாது. கவுண்டருக்கு மேல ஒரு சாண் உயரத்துல வச்சா தண்ணி சிந்தி ஓடினாலும் உள்ள போகாது. சிம்னிக்கு பாயின்ட் மேல, ஒரு பக்கமா ஒதுக்கி, எண்ணெய் ஆவி நேரா அடிக்காத இடத்துல.

ஃப்ரிட்ஜ், டிஷ்வாஷர், ஓவன் மாதிரி நகத்த முடியாத சாமானுக்கு நேர் பின்னாடி ப்ளக் வச்சுடறாங்க. ஒரு நாள் அது புகையும்போது கையை விட்டு பிடுங்க முடியாது. ப்ளக் பக்கத்து கேபினட்டுக்குள்ள இருக்கட்டும், இல்லன்னா அதை நிறுத்துற ஸ்விட்ச்சாவது கவுண்டருக்கு மேல கண்ணுல படற மாதிரி இருக்கட்டும். சிங்க் அடியில ஃபில்டருக்கு பாயின்ட் வேணும்னா ட்ரெய்ன் பைப் ஜாயின்ட்டுக்கு கீழ இல்லாம ஓரமா உயரத்துல வைங்க, அந்த ஜாயின்ட் என்னைக்காவது ஒழுகும்னு வச்சுதான் யோசிக்கணும். ஃப்ரிட்ஜுக்கு தனி சர்க்யூட் கொடுத்தா மிக்ஸியால ட்ரிப் ஆகி ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உள்ள இருக்கறது எல்லாம் கெட்டுப்போற கொடுமை இருக்காது.

எண்ணிக்கை கேட்டீங்கன்னா, இப்போ இருக்குற சாமானை எண்ணுங்க, அது மேல பாதி கூட்டுங்க. கவுண்டர்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்குதுன்னா பாயின்ட் பத்தலன்னு அர்த்தம்.

சுவர்ல வயரை கோணலா குறுக்கு வழியில கொண்டுபோனா நீளம் மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனா நாளைக்கு கேபினட் மாட்ட ட்ரில் போடறவருக்கு அந்த வயர் எங்க போகுதுன்னு எப்படி தெரியும்? ஸ்விட்ச்சுக்கு, சாக்கெட்டுக்கு நேர் மேலயோ கீழயோ, இல்ல நேர் பக்கவாட்டுலயோ மட்டும் போகணும், அப்போதான் பாக்ஸை பாத்ததும் வயர் எந்த வழின்னு யூகிக்கலாம். வயர் தேடுற டிடெக்டர் கருவியை முழுசா நம்பாதீங்க, ஈர சுவர், கம்பி வலை, ஃபாயில் இதெல்லாம் அதை குழப்பிடும்.

காடி வெட்டும்போது ஆழத்தையும் பாருங்க. செங்கல் சுவர்ல பொதுவா நெட்டு வாக்குல சுவர் கனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேலயும், படுக்கை வாக்குல ஆறுல ஒரு பங்குக்கு மேலயும் வெட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்க. தூண், பீம் பக்கமே காடி வெட்டுற கிரைண்டரை கொண்டுபோகாதீங்க. கிரைண்டருக்கு கரண்ட் வேற ரூம்ல இருந்து ஆர்சிசிபி உள்ள லைன்ல எடுங்க, சுருள் எக்ஸ்டென்ஷன்னா முழுசா பிரிச்சு போடுங்க, சுத்தின நிலைலயே லோடு கொடுத்தா உள்சுத்து சூடாகி உருகும். பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரிச்சு வச்சு ஃபோட்டோ எடுத்துடுங்க, தரையில இருந்து எத்தனை செமீ, மூலைல இருந்து எத்தனை செமீன்னு படத்துல தெரியணும்.

பழைய வயரோட புது வயரை முறுக்கி டேப் சுத்தி உள்ள வச்சு பூசிட்டா என்ன ஆகும்?

கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஆகாது, அதான் பிரச்சினை. முறுக்கின ஜாயின்ட் சூடாகி ஆறி சூடாகி ஆறி லூஸாகும், லூஸான இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறும். வெறும் அரை ஓம் ஏறி 10 ஆம்பியர் ஓடினா அந்த ஒரு புள்ளில 50 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னை சுவருக்குள்ள வச்சு பூசினதுக்கு சமம். எம்சிபிக்கு அது வெறும் 10 ஆம்பியர், ஆர்சிசிபிக்கு கணக்கு சமம், ரெண்டும் அசையாது. ஜாயின்ட் போட்டே ஆகணும்னா சரியான கனெக்டர்ல, மூடி உள்ள ஜங்ஷன் பாக்ஸ்ல, நாளைக்கு திறந்து பாக்கற இடத்துல போடுங்க.

பழைய வயர் அலுமினியமா இருந்தா செம்போட நேரா முறுக்கவே கூடாது. அலுமினியம் மேல ஆக்சைடு படலம் வரும், ரெண்டு உலோகமும் சேர்ற இடம் ஈரத்துல அரிச்சுப்போகும், சூட்டுக்கு ரெண்டும் வேற வேற அளவுல விரியறதால லூஸாகிக்கிட்டே போகும். அதுக்குன்னே செஞ்ச கனெக்டர் இருக்கு, ஆனா சுவர் திறந்து கிடக்கும்போது மொத்தமா செம்பு இழுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, பல இழை வயர் முனையில ஈயம் வச்சு கெட்டியாக்கி ஸ்க்ரூல மாட்டினா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நினைக்கிறாங்க. ஈயம் மெத்து, அழுத்தத்துல மெல்ல நசுங்கி விலகும், முறுக்கின ஸ்க்ரூ தானா லூஸாயிடும். முனைக்கு லக் (வயர் முனைல மாட்டி நசுக்குற உலோகக் குழல்) போட்டு அமுக்குங்க.

ப்ளக்கை பிடுங்கும்போது சூடா இருக்கு, லேசா மீன் வாடை மாதிரி வருது. மாத்தணுமா?

உடனே. அந்த வாடை சூடான ப்ளாஸ்டிக்ல இருந்து வர்றது, பின்னைப் பாத்தீங்கன்னா ஒண்ணு மட்டும் பழுப்பேறி இருக்கும், சாக்கெட் ஓட்டை ஓரம் மஞ்சளா வெந்திருக்கும். காரணம் மேல சொன்ன லூஸ் கனெக்ஷன்தான், இங்க சாக்கெட் உள்ள இருக்குற ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும் இல்ல பின்னாடி ஸ்க்ரூ லூஸ். சாக்கெட், ப்ளக் ரெண்டையும் சேத்து மாத்துங்க, வெந்த ப்ளக்கை புது சாக்கெட்ல சொருகினா அதையும் கெடுத்துடும். வயர் முனை கருப்பா இருந்தா பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு மாட்டுங்க.

மெஷின் பாடியை தொட்டா சுருக்குன்னு இருக்கு, ஆனா பெரிய ஷாக் இல்ல. விட்டுடலாமா?

விடாதீங்க. எர்த் இல்லாத இடத்துல எலக்ட்ரானிக் சப்ளை உள்ள சாமானோட இரும்பு பாடி ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா பாதி வோல்ட்டேஜ்ல, சுமார் 115-ல மிதக்கும், கரண்ட் ரொம்ப கொஞ்சம்தான், அதான் சுருக்குன்னு மட்டும் இருக்கு. ஆனா அது சொல்ற சேதி அந்த பாயின்ட்டுக்கு எர்த் இல்லங்கறது. நாளைக்கு நிஜமான லீக்கேஜ் வந்தாலும் இதே கைப்பிடியைத்தான் தொடுவீங்க, அதுவும் ஈரக் கையோட. சிங்க் குழாய்லயே ஷாக் வந்தா இன்னும் மோசம், வாட்டர் ஹீட்டர் காயில் வெடிச்சு தண்ணி வழியா வருதான்னு பாக்கணும், அது வரைக்கும் மெயின் ஆஃப், யாரும் குழாயை தொட வேண்டாம்.

ஆர்சிசிபி மட்டும் காரணமே இல்லாம விழுது, எம்சிபி எல்லாத்தையும் ஆஃப் பண்ணாலும் நிக்க மாட்டேங்குது. ஆர்சிசிபி பழுதா?

பழுதா இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. சாதா ஒத்தை போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் சேந்தே இருக்கும். எங்கயாவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கிட்டா எம்சிபி ஆஃப்ல இருந்தாலும் ஆர்சிசிபி விழும். கேபினட் ஸ்க்ரூ வயர்ல ஏறினது, பாக்ஸுக்குள்ள வயர் நசுங்கினது, இதுதான் ரினோவேஷனுக்கு அப்புறம் வழக்கமா மாட்டற திருடன். இன்னொண்ணு, ரெண்டு ஆர்சிசிபி உள்ள டிபில ஒண்ணோட நியூட்ரலை இன்னொண்ணோட நியூட்ரல் பார்ல (வயர்களை சேக்குற உலோகப் பட்டை) மாட்டிடறது, லைட் போட்டதும் ரெண்டும் விழும்.

எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்க, ஸ்விட்ச் ஆஃப் பண்றது போதாது, பிடுங்கணும். அப்பவும் விழுந்தா வயரிங், நின்னா ஒவ்வொண்ணா மாட்டி பாருங்க. ரொம்ப நாள் பயன்படுத்தாத ஓவன் காயில் ஈரம் குடிச்சு முதல் தடவை மட்டும் விழ வைக்கும். எதுவுமே பழுதில்லாம, ஒவ்வொரு எலக்ட்ரானிக் சாமானும் ஒண்ணு ரெண்டு மில்லிஆம்பியர் கசிய விட்டு மொத்தமா சேந்தும் விழும். 30-ன்னு போட்ட ஆர்சிசிபி 15-ஐ தாண்டினாலே விழ அனுமதி உண்டு. அதுக்கு ஆர்சிசிபியை கழட்டறது தீர்வில்ல, சர்க்யூட்டை பிரிச்சு தனித்தனி ஆர்சிபிஓ போடறதுதான்.

ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணியும் எல்ஈடி லேசா மினுங்குது, பேய் மாதிரி

பேய் இல்ல. இண்டிகேட்டர் லைட் உள்ள ஸ்விட்ச்னா அந்த கொஞ்ச கரண்ட்டே எல்ஈடிக்கு போதும், நீளமா பக்கத்துல பக்கத்துல ஓடற வயர்ல இருந்து தூண்டப்பட்டும் வரலாம். இதெல்லாம் ஆபத்தில்ல. ஆனா ஸ்விட்ச்சை நியூட்ரல்ல போட்டிருந்தாலும் இப்படித்தான் மினுங்கும், அது ஆபத்து, ஆஃப்ல இருக்கும்போதும் ஹோல்டர்ல ஃபேஸ் நிக்கும், பல்பு மாத்தறவர் விரல் அங்கதான் போகும். மெயின் ஆஃப் பண்ணாம எந்த ஹோல்டரையும் கழட்டாதீங்க, எலக்ட்ரீஷியன் வரும்போது இதை மீட்டர் வச்சு பாக்க சொல்லுங்க.

கேபினட் அடியில போடற 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு இவ்வளவு பயம் தேவையா?

ஷாக்குக்கு பயம் வேண்டாம், சூட்டுக்கு வேணும். 60 வாட் ஸ்ட்ரிப் 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும், தலைமுடி மாதிரி வயர் போட்டா காயும். டிரைவர் (230 வோல்ட்டை 12 ஆக்கித் தர்ற பெட்டி) பக்கத்துல காத்து போகணும், அதுக்குள்ள வர்றது 230 வோல்ட்தான்னு மறக்காதீங்க.

மைக்ரோவேவ் வேலை செய்யல, ப்ளக்கை பிடுங்கிட்டு திறந்து பாக்கலாமா?

வேண்டாம். உள்ள இருக்குற கெப்பாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்ல சார்ஜ் ஆகறது, ப்ளக்கை பிடுங்கின பிறகும் பிடிச்சு வச்சிருக்கும். எவ்வளவு கைராசிக்காரரா இருந்தாலும் இதுல கை வைக்காதீங்க.

கேஸ் வாடை வந்தா உடனே எக்ஸாஸ்ட் ஃபேனை போடலாம்தானே?

கூடாது. போடறதும் கூடாது, ஓடிக்கிட்டிருக்கறதை நிறுத்தறதும் கூடாது, ஃப்ரிட்ஜ் ப்ளக்கையும் பிடுங்கக் கூடாது, ஸ்விட்ச் தொடுற ஒவ்வொரு தடவையும் பொறி வரும். வால்வை மூடுங்க, கதவு ஜன்னலை திறங்க, வெளிய போய் ஃபோன் பண்ணுங்க. சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையோட தேங்கும், அதனால தரையை ஒட்டி ப்ளக் பாயின்ட் வைக்காதீங்க. பைப்ல வர்ற இயற்கை எரிவாயு லேசு, மேல ஏறும்.

யாருக்காவது ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டாங்கன்னா?

தொடாதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க, அதனாலதான் வீட்டுல எல்லாருக்கும் மெயின் எங்கன்னு காட்டி வைக்கணும். முடியலன்னா காஞ்ச மரக்கட்டையால தள்ளி விடுங்க, நீங்களும் ஈரமில்லாத இடத்துல நிக்கணும். மூச்சு இல்லன்னா ஆம்புலன்ஸை கூப்பிட்டுட்டு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5-6 செமீ இறங்கற மாதிரி அமுக்கிக்கிட்டே இருங்க. எழுந்து உக்காந்துட்டாலும் மயக்கம், நெஞ்சு வலி, தீக்காயம் இருந்தா டாக்டர்கிட்ட போயே ஆகணும். கரண்ட்ல பிடிச்ச தீக்கு தண்ணி ஊத்தாதீங்க, சப்ளையை நிறுத்திட்டு பவுடர் இல்ல கார்பன் டை ஆக்சைடு எக்ஸ்டிங்குஷர்.

எலக்ட்ரீஷியன் வந்து "எல்லாம் எரியுது பாருங்க"ன்னு காட்டிட்டு கிளம்பறாரு. நான் என்ன கேக்கணும்?

எரியறதை நீங்களே பாத்துப்பீங்க, அதுக்கு அவர் வேண்டாம். முதல்ல பூசறதுக்கு முன்னாடியும், எல்லாம் முடிஞ்சதும், ரெண்டு தடவை மெக்கர் போட சொல்லுங்க. 500 வோல்ட் டிசி வச்சு வயர்களுக்கு நடுவுல இன்சுலேஷனை அளக்கறது அது, குறைஞ்சது 1 மெகாஓம் வரணும், புது வயர்னா அதை விட எவ்வளவோ ஜாஸ்தி காட்டும். 2, 3-ன்னு வந்தா பாஸ்னு விடாதீங்க, எங்கயோ வயர் நசுங்கியிருக்கு. சோதிக்கும்போது எல்ஈடி டிரைவர், எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் கழட்டி இருக்கணும், இல்லன்னா அது வறுபடும்.

அப்புறம் ஒவ்வொரு சாக்கெட்லயும் எர்த் பின்ல இருந்து டிபி எர்த் பார் வரைக்கும் தொடர்ச்சி இருக்கான்னு மீட்டர்ல காட்டச் சொல்லுங்க, ஃபேஸ் எந்த ஓட்டைல வருது, ஸ்விட்ச் ஃபேஸை துண்டிக்குதான்னு காட்டச் சொல்லுங்க. ஆர்சிசிபியை பட்டன்ல இல்லாம டெஸ்டர் கருவி வச்சு எத்தனை மில்லிசெகண்டுல விழுதுன்னு அளந்து எழுதி வாங்குங்க. இதெல்லாம் எதுக்குன்னு சலிச்சுக்கிட்டா வேற ஆளைப் பாருங்க, சரியா வேலை பாத்தவர் இதைக் காட்ட யோசிக்க மாட்டார். கடைசியா எந்த எம்சிபி எந்த சர்க்யூட், வயர் சைஸ் என்ன, அளந்த எண்கள் என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி டிபி கதவு உள்பக்கம் ஒட்டுங்க, பேனா மையால, பென்சில் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்குல அழிஞ்சுடும்.